புங்கமரத்தடியில் அம்மா

ஜூன் 10, திங்கள்

இந்த டைரி மஸ்கட்டிலிருந்து வந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனியில் கொடுத்தது. இதில் ஞாயிற்றுக்கிழமை கறுப்பு, வெள்ளிக்கிழமை சிவப்பு. அந்த ஊரில் அன்றைக்குத்தான் லீவாம். ஆறு மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்ததை இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். காரணம், நாற்பத்து மூன்று வயதில் இந்த ஆவுடைத்தங்கம் வேலைக்குப் போயிருக்கிறாள்.

மகள் கல்யாணமாகி ராஜபாளையம் போனபிறகு வீட்டில் நானும் மிக்ஸியும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். எத்தனை நாள்தான் சட்னி அரைப்பது? சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கும் மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்புக்கு உதவி ஆசிரியை வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். பள்ளியை நடத்துகிறவர்களை எல்லோரும் பெரிய மிஸ் என்கிறார்கள். "பிள்ளைகள வச்சிப் பாத்துக்கிடுவீங்களா?" என்று கேட்டார்கள். "ஒண்ண வளத்துக் கட்டிக் கொடுத்திருக்கேன்" என்றேன். "ஒண்ணு வேற, ஒரு வகுப்பு வேற" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் இன்று காலை ஒன்பதரைக்குப் புரிந்தது.

ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அதுவரை சந்தோஷமாக இருந்த பிள்ளைகளெல்லாம் 'ஓ, இங்கே அழவேண்டும் போலிருக்கிறது' என்று புரிந்துகொண்டு சேர்ந்துகொண்டன. மூக்கு துடைத்தேன், டவுசர் மாற்றினேன், கடி வாங்கினேன். என் சேலை முந்தானையைச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்தவள்தான். ரொம்ப நாளுக்கப்புறம் நன்றாகத் தூங்கி இப்போதுதான் எழுந்தேன்.

ஜூன் 12, புதன்

வகுப்பு ஆசிரியை எஸ்தர் மிஸ்ஸுக்கு என் மகளைவிட இரண்டு வயதுதான் அதிகம். என்னை அக்கா என்கிறாள். இன்று எனக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தாள்.

"அம்மா வீட்டுக்குப் போயிட்டாவன்னு மட்டும் சொல்லிராதீங்கக்கா. வெளிய மரத்தடியில உக்காந்திருக்காவன்னு சொல்லுங்க. அடங்கிரும்."

பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு புங்கமரம் நிற்கிறது. வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் மரத்தின் தலை மட்டும்தான் தெரியும். அடிப்பாகத்தைச் சுவர் மறைத்துவிடும். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எத்தனையோ வருஷமாக எல்லா அம்மாக்களும் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்களாம். சொன்னேன். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் மறந்துவிட்டு விளையாடப் போய்விட்டன.

தர்ஷிகா மட்டும் மறக்கவில்லை. ரெட்டைச் சடை, கேள்வி கேட்கிற கண். பெண்டாட்டி பொய்யைத் தோண்டுகிற புருஷன் மாதிரி விசாரித்தாள்.

"நாற்காலி இருக்கா?"

"இருக்கு."

"தண்ணி?"

"பாட்டில் வச்சிருக்காவ."

"வெயிலடிக்கும்லா?"

"நெழலு இருக்குல்லாட்டி."

அரை மணி நேரத்தில் அந்த மரத்தடியில் ஒரு குடித்தனமே நடத்திவிட்டேன். அவள் நிம்மதியாகப் போய்க் களிமண் உருட்டினாள். எனக்கு என்மேலேயே ஒரு மெச்சுதல். பொய் சொல்வதிலும் கைராசி வேண்டுமே.

ஜூன் 28, வெள்ளி

அவர் பேசினார். ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கண்டிப்பாக வந்துவிடுவாராம். வேலைக்குப் போவதைச் சொன்னேன். "ஆயா வேலையா?" என்றார். "மிஸ் வேலை" என்றேன். சிரித்தார். வந்ததும் சிரிப்பை வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

தபசு நேற்று நல்லபடியாக முடிந்தது. சங்கரன்கோவிலில் கால் வைக்க இடமில்லை. அவர் வரவில்லை. அவர் இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம், முதலாளி கையைப் பிடித்துக் கெஞ்சினாராம். நல்ல வேலைக்காரனை எவன் விடுவான்? தீபாவளிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். தீபாவளிக்கு வருவதுதான் எனக்கும் நல்லது, அப்போது பள்ளிக்கூடம் லீவு.

அவருக்குப் பிடிக்குமென்று அதிகமாக ஆட்டிவைத்த மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வெங்காயம் தூக்கலாகப் போட்டால் புளிப்பு தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பிள்ளைகள் பழகிவிட்டன. இப்போது வகுப்பில் அழுகிற ஒரே ஆள் எஸ்தர் மிஸ்தான், அதுவும் ஆண்டாய்வு வரப்போகிறது என்று. என்னைத் தங்க மிஸ் என்று கூப்பிடுகின்றன. காலையில் வாசலில் நிற்கும்போது இரண்டு பக்கமும் கையைப் பிடித்துத் தொங்கும்.

தர்ஷிகா மட்டும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். பதினோரு மணிக்குத் தின்பண்டம் தின்னும்போது எதுவானாலும் பாதியை எடுத்து என்னிடம் நீட்டுகிறாள். "அம்மாவுக்கு." நான் வாங்கிக்கொண்டு வெளியே போகவேண்டும், கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொல்லவேண்டும். தூரப் போட மனசு வருமா? சுவரோரம் நின்று நானே தின்றுவிடுகிறேன். இன்று அரை முறுக்கு. நேற்று அரை வாழைப்பழம். திங்கட்கிழமை அரை அதிரசம், அதில் ஏலக்காய் கொஞ்சம் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தர்ஷிகாவின் அம்மா பகவதி ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வருவாள். இன்று கேட்டருகில் பிள்ளை கேட்டது:

"அம்மா, கடலமுட்டாய் நல்லாருந்துச்சா?"

அதைத் தின்றவள் பக்கத்தில் நிற்கிறேன். பகவதி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சூப்பரா இருந்துச்சு செல்லம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். களவாணிக்குக் களவாணி கூட்டாளி என்று சொல்ல வந்தேன், அது கொஞ்சம் அதிகம். தாயும் மிஸ்ஸும் என்று வைத்துக்கொள்வோம்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஒரு அப்பா கேட்டில் நின்று, "ஏ ஆயா, பிள்ளைய அனுப்பு" என்றார். "ஆயா இங்க யாருமில்ல. மிஸ்ஸுதான் இருக்காவ, வேணுமா?" என்றேன். மனிதர் பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். இன்று முழுக்க நல்ல பசி.

அக்டோபர் 24, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்தே மழை. மத்தியானம் பிடித்த மழை சாதாரண மழையில்லை, வானம் பொத்துக்கொண்ட மாதிரி. சாப்பாடு முடிந்து பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தேன். தர்ஷிகா படுக்கவில்லை. "அம்மா நனைவாவல்லா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "கொட வச்சிருக்காவ" என்றேன். "இல்ல, எங்க கொட வீட்ல இருக்கு" என்றாள். "சரி, நான் போய்ப் பாத்துட்டு வாரேன், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, பாயை நனைத்துவிட்ட இன்னொரு பிள்ளையைப் பின்பக்கம் கழுவக் கூட்டிப்போனேன். எஸ்தர் மிஸ் அலுவலக அறையில் இருந்தாள். மழை என்று இரண்டு பேர் பிள்ளைகளை முன்கூட்டியே கூட்டிப்போயிருந்தார்கள், கேட்டைச் சாத்தவில்லை.

திரும்பி வந்தால் அவள் பாயில் இல்லை. கதவில் மாட்டியிருந்த என் குடையும் இல்லை.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு போடவில்லை. கோமதித் தாயே, கோமதித் தாயே என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர், ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மரத்தைப் பார்த்தேன்.

புங்கமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். குடையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள். விரிக்கத் தெரியவில்லை. சடையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் முதலில் அம்மா எங்கே என்று கேட்கவில்லை.

"நாற்காலி எங்க?" என்று கேட்டாள்.

மழைக்கு உள்ளே எடுத்து வைத்திருக்கிறோம் என்ற பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மறுபடியும் ஒரு மழை வந்திருக்கும்.

குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டு சொன்னேன்: "நாற்காலி கெடையாது தர்ஷி. அம்மா இங்க உக்காரல. என்னைக்குமே உக்காரல. வேலைக்குப் போயிருக்காவ. சாயங்காலம் வருவாவ, கண்டிப்பா வருவாவ. மிஸ் பொய் சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"என் முறுக்கு?"

"நான் தின்னுட்டேன்."

குடையை என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். எனக்கு முன்னால் நடந்து கேட்டுக்குள் போனாள். என் கையைப் பிடிக்கவில்லை.

பெரிய மிஸ்ஸுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. கேட்டுக்கு உடனே பூட்டு வாங்க ஆள் அனுப்பினார்கள். "கடவுள் காப்பாத்திட்டாரு. அவங்கம்மாகிட்ட மழையில விளையாடிட்டான்னு சொல்லிருங்க" என்றார்கள். சரியென்று தலையாட்டினேன். பகவதி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரம், நாற்காலி, முறுக்கு, திறந்து கிடந்த கேட்டு எல்லாம்.

அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடித்தாளே ஒரு பிடி. "கேட்ட தொறந்துபோட்டுட்டு என்னக்கா பண்ணிக்கிட்டிருந்தீங்க? ரோட்டுல எவனாவது ஏத்தியிருந்தா?" கேட்கவேண்டியவள் கேட்கிறாள். கேட்டு முடித்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மொத நாளு காலையில விட்டுட்டுப் போகும்போது, நான் மரத்தடியில உக்காந்திருப்பேன்னு மொதல்ல சொன்னதே நாந்தாங்க்கா."

நாளைக்குப் பிள்ளையை அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 25, வெள்ளி

தர்ஷிகா வரவில்லை. பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு, "நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு செய்றீங்க" என்றார்கள். வேலை போனாலும் போகட்டும், அந்தப் பிள்ளை திரும்பி வந்தால் போதும் என்றிருக்கிறது.

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு மெசேஜ் போட்டேன். போன் என் மடியில்தான் இருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

வந்துவிட்டாள்! கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன்.

என்னோடு பேசவில்லை. ஷூ கழற்ற எஸ்தர் மிஸ். தண்ணீர் பாட்டில் திறக்க எஸ்தர் மிஸ். நான் ஊட்டப்போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். தின்பண்டம் முழுவதையும் தானே தின்றாள். நான்கு வயதுப் பிள்ளையின் கோபம் இவ்வளவு நாகரிகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி லீவு முடிந்தது. மகளும் மருமகனும் வந்து போனார்கள். அவர் வரவில்லை. பொங்கலுக்காம்.

பள்ளியில் இனி யாரும் மரத்தடிக் கதை சொல்லக்கூடாது என்று பெரிய மிஸ்ஸே உத்தரவு போட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் நான் ஒரு வழி செய்தேன். அட்டையில் நாலு படம் வரைந்து சுவரில் ஒட்டினேன்: சாப்பாடு, தூக்கம், பாட்டு, அம்மா. பிள்ளைகளுக்கு மணி தெரியாது, வரிசை தெரியும். தூக்கத்துக்கு நான் வரைந்த தலையணை பூசணிக்காய் மாதிரி இருக்கிறது என்று எஸ்தர் மிஸ் சிரிக்கிறாள். இருந்தால் என்ன, வேலை செய்கிறது. "இன்னும் ரெண்டு இருக்கு" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன.

தர்ஷிகா அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்தாள். சாயங்காலம் பாட்டு முடிந்ததும் ஜன்னலருகே போய் நின்றாள். அம்மா வந்தாள். நான் சொன்னது நிஜம்தானா என்று சரிபார்த்திருக்கிறாள். நாளைக்கும் பார்ப்பாள். பார்க்கட்டும்.

நவம்பர் 13, புதன்

அடையாள அட்டையில் ரத்த வகை போடவேண்டுமாம். லேபிலிருந்து ஒரு தம்பி ஊசி, பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். எஸ்தர் மிஸ் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, "வலிக்கவே வலிக்காது, சும்மா டிக்குன்னு வைப்பாரு" என்று தேனாகப் பேசினாள். முதல் பையன் நம்பி விரலை நீட்டினான். அடுத்த நொடி அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பும் அழ ஆரம்பித்தது. வலியைவிட, ஏமாந்துபோன கூச்சல் அது. மீதிப் பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டன.

தர்ஷிகாவின் முறை வந்தது. எஸ்தர் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"வலிக்குமா?"

இருபது நாளுக்கப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"வலிக்கும்" என்றேன். எஸ்தர் மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கட்டெறும்பு கடிச்சா எப்படியிருக்கும், அப்படி வலிக்கும். ஒரே ஒரு கடி. அப்புறம் பஞ்ச வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தா போயிரும்."

"உங்களுக்கு மொதல்ல."

லேப் தம்பி என்னைப் பார்த்தார். விரலை நீட்டினேன். அவர் குத்தினார். "ஆ!" என்றேன். நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. பாவி, பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த மென்மையை எனக்குக் காட்டவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

கண்ணில் நீர் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டு பஞ்சை அமுக்கினாள்.

"ஆமா. கட்டெறும்புதான்."

அதற்கப்புறம் வரிசையிலிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவளே போய்ச் சொல்லிவைத்தாள். வலிக்கும், கட்டெறும்பு, ஒரே ஒரு கடி. அழுதார்கள்தான், ஆனால் யாரும் கூச்சல் போடவில்லை. மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். எலுமிச்சை சாதம். ஒரு பருக்கை விடாமல் ஊட்டினேன்.

இவ்வளவு சந்தோஷம் மகள் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை. அன்று தாம்பூலப் பை பற்றாமல் போய்விட்டதே என்ற கவலையில் இருந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

அவர் பேசினார். பொங்கலுக்குக் கண்டிப்பாக வருகிறேன், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். வழக்கமாக நான் சரி என்று சொல்லிவிட்டு அங்கே வெயிலா என்று கேட்பேன். இன்று ஏன் இப்படி வந்தது என்று தெரியவில்லை.

"வர முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க. அத நான் தாங்கிக்கிடுவேன். வாரேன் வாரேன்னு சொல்லுறதத்தான் தாங்க முடியல."



"ஆடியிலயே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துட்டேன் தங்கம்" என்றார். "ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. நீ ஒத்தையில இருக்கியேன்னு..."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"கோவமா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"கட்டெறும்பு இல்ல, தேளு" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. பிறகு நானே, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். மீன் குழம்பு வைத்தாராம், உப்பு கூடிவிட்டதாம். எவ்வளவு புளித் தண்ணீர் சேர்க்கவேண்டும் என்று சொன்னேன். ஆறு மாதமாகப் பேசாத பேச்செல்லாம் பேசினோம். போனை வைக்கும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

பாத்திரம் கழுவும்போது அழுகை வந்தது. அழுதேன். யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, வீட்டில் ஆளில்லை. முடித்துவிட்டு எனக்கு மட்டும் அளவாக மாவு ஆட்டினேன்.

நவம்பர் 20, புதன்

பகவதிக்கு இன்று வேலை முடியத் தாமதம். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டன. எஸ்தர் மிஸ்ஸும் கிளம்பிவிட்டாள். நானும் தர்ஷிகாவும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். "பாட்டு முடிஞ்சிருச்சே" என்றாள். "முடிஞ்சிருச்சு. அம்மா கொஞ்சம் லேட்டாகும்னு போன் பண்ணாவ" என்றேன். போனைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்துத் திருப்தியானாள்.

பிறகு கேட்டாள்: "உங்களக் கூப்பிட யாரு வருவா மிஸ்?"

"யாரும் வரமாட்டாவ. நானே பஸ்ஸுல போயிருவேன்."

"வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. மாமா வெளிநாட்டுல இருக்காவ."

"சாயங்காலம் வருவாவளா?"

"வரமாட்டாவ தர்ஷி. ரெண்டு வருஷம் ஆகும்."

மகளிடம்கூட இதை இன்னும் நான் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டு வருஷம்னா எத்தன தூக்கம்?"

"நெறைய தூக்கம்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. அட்டையில் இவ்வளவு படத்தை எங்கே ஒட்டுவது என்று யோசித்தாளோ என்னவோ. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பகவதி ஓடி வந்தாள். வழக்கமாக அம்மாவைப் பார்த்ததும் தாவுகிறவள் இன்று எழுந்திருக்கவில்லை.

"அம்மா, மிஸ்ஸுக்கு யாரும் வரமாட்டாவளாம். நம்ம கொண்டுபோய் விடுவோம்."

நான் வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். அவர்கள் வீடு கிழக்கே, பஸ் ஸ்டாண்ட் மேற்கே. பகவதி பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாங்கக்கா, இவ விடமாட்டா" என்றாள். மூன்று பேரும் நடந்தோம். தர்ஷிகா என் விரலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக என்னை உள்பக்கம் தள்ளித் தள்ளிக் கூட்டிப்போனாள். காலையில் ஆட்டோவில் வந்து இறங்கும் பிள்ளைகளை நான் அப்படித்தான் கேட்டுக்குக் கூட்டிப்போவேன். வண்டி வந்தால் நின்றாள். நானும் நின்றேன்.

பஸ் வந்தது. விரலை விடவில்லை. நான் குனிந்தேன்.

"நாளைக்கு நான் வருவேன் மிஸ்" என்றாள். "பொய் இல்ல. நெசமாவே வருவேன்."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டார். எனக்கு ஊர்ப் பெயர் சொல்ல வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையால் காட்டினேன். தினமும் பார்க்கிறவர்தான், சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் வருவாள். நாளைக்கு வியாழன், பள்ளிக்கூடம் உண்டு.